டெக்ஸாஸ் பள்ளிகளில் ஆயுதக் காவலர் கட்டாயம்: வாரியக் கூட்டத்தில் எதைக் கேட்பது?

கேள்வி: செங்காந்தள்

எல்லாருக்கும் வணக்கம். டாலஸுக்கு வெளியே ஒரு சின்ன ஐஎஸ்டியில் (தனிப் பள்ளி மாவட்டம்) என் பிள்ளைகள் படிக்கிறார்கள். பெண் இரண்டாம் வகுப்பு, பையன் ஏழாம் வகுப்பு. 2023-இல் வந்த எச்பி 3 என்ற டெக்ஸாஸ் சட்டப்படி, பள்ளி நேரத்தில் ஒவ்வொரு வளாகத்திலும் ஆயுதம் தாங்கிய பாதுகாப்பு அதிகாரி ஒருவராவது இருக்க வேண்டும். எங்கள் மாவட்டம் "பணம் போதவில்லை, ஆள் கிடைக்கவில்லை" என்று தீர்மானம் போட்டு அதிலிருந்து விலக்கு எடுத்துக்கொண்டு, ஆரம்பப் பள்ளிகளுக்கு கார்டியன் முறையை (வாரியம் அனுமதித்த ஊழியரோ வேறு ஆளோ துப்பாக்கி வைத்திருப்பது) வைத்துக்கொண்டது. அதையே தொடர்வதா, நகரப் போலீஸிடம் எஸ்ஆர்ஓ (பள்ளியில் பணியமர்த்தும் போலீஸ் அதிகாரி) கேட்பதா என்று அடுத்த மாதம் பள்ளி வாரியம் முடிவு செய்யப்போகிறது. பெற்றோர் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள்.

எஸ்ஆர்ஓ, மார்ஷல், கார்டியன் மூவருக்கும் என்ன வித்தியாசம்? காவலர் இருந்தால் நிஜமாகவே உயிர்கள் தப்புகின்றனவா? போலீஸ் உள்ளேயே இருந்தால் ஏழாம் வகுப்புப் பையன்களின் தள்ளுமுள்ளுகூட கேஸாகிவிடுமா?

துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற சண்டை வாட்ஸ்அப் குழுவிலேயே போதும் போதும் என்று ஆகிவிட்டது. அந்த மூன்று நிமிடத்தில் எதைக் கேட்டால் பிள்ளைகளுக்குப் பயன், அதை மட்டும் சொல்லுங்கள்.

---

பதில் 1: வைகைக்கரை

சகோதரி, மூன்று பேரையும் "ஆர்ம்ட் செக்யூரிட்டி" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால்தான் இந்தக் குழப்பம். இடுப்பில் துப்பாக்கி இருப்பது ஒன்றுதான் மூவருக்கும் பொது. பயிற்சி வேறு, அதிகாரம் வேறு, யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதும் வேறு.

எஸ்ஆர்ஓ என்பவர் முழு உரிமம் பெற்ற போலீஸ் அதிகாரி. நகரப் போலீஸிலோ ஷெரிஃப் அலுவலகத்திலோ வேலை, பள்ளியில் பணியிடம். சில மாவட்டங்கள் சொந்தமாகவே போலீஸ் துறை வைத்திருக்கும். அவர்களும் இதே வகைதான். டெக்ஸாஸில் போலீஸ் உரிமத்துக்கான அடிப்படைப் பயிற்சியே 700 மணி நேரத்துக்கு மேல். அதற்கு மேல் பள்ளிக்கென்று தனிப் பயிற்சி உண்டு. கைது செய்யும் அதிகாரமும் முழுதாக உண்டு. எச்பி 3 முதலில் கேட்பது இந்த வகை ஆளைத்தான்.

மார்ஷல் பள்ளி ஊழியர். 2013-இல் வந்த சட்டம். 80 மணி நேரப் பயிற்சி, மனநலப் பரிசோதனை, போலீஸாருக்கு உரிமம் தரும் டீகோல் அமைப்பிடமிருந்தே உரிமம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. உயிருக்கோ உடலுக்கோ பெரும் ஆபத்து நேரும்போது அதைத் தடுக்க மட்டுமே அவருடைய அதிகாரம். யார் மார்ஷல் என்பது ரகசியம்.

கார்டியன் என்பவர் பள்ளி வாரியம் எழுத்தில் அனுமதி கொடுத்த ஆள். ஆசிரியராக இருக்கலாம், அலுவலகப் பணியாளராக இருக்கலாம், ஒப்பந்தத்தில் வந்த வெளியாளாகவும் இருக்கலாம். வடக்கு டெக்ஸாஸில் ஹாரல்ட் என்ற சிறிய மாவட்டம் 2007-இல் முதலில் தொடங்கியது. ஷெரிஃப் வந்து சேர வெகு நேரமாகும் நாட்டுப்புறப் பள்ளிகளுக்காகப் பிறந்த ஏற்பாடு இது. எச்பி 3-இன் விலக்கில் இவரை வைக்க வேண்டுமானால் மாநிலம் அங்கீகரித்த பயிற்றுநரிடம் பள்ளிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்குச் சட்டம் வைத்த அளவு 15 முதல் 20 மணி நேரம்.

ஒப்பிட்டுப் பாருங்கள். பார்க்லேண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 2018-இல் ஃபுளோரிடா கொண்டுவந்த சட்டத்திலும் கார்டியன் உண்டு. அங்கே 144 மணி நேரப் பயிற்சி, துப்பாக்கிச் சுடும் தேர்வில் 85 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. பெயர் ஒன்றுதான், தரம் எங்கோ இருக்கிறது. ஆகவே "எங்கள் கார்டியன்கள் பயிற்சி பெற்றவர்கள்" என்று வாரியம் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எத்தனை மணி நேரம், எந்தத் தேர்வு, எத்தனை மதிப்பெண், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மறுதேர்வு என்று நான்கையும் கேளுங்கள். சட்டம் வைத்தது கீழ் எல்லை மட்டும்தான். அதற்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் வாரியம் தன் கொள்கையில் எழுதலாம், நிறைய மாவட்டங்கள் எழுதியும் இருக்கின்றன.

துப்பாக்கி எங்கே இருக்கும் என்பதையும் கேளுங்கள். உடம்பிலேயே வைத்திருந்தால் கழிப்பறையில் பெல்ட்டைக் கழற்றும்போது மறந்து வைத்துவிடுவது நடக்கிறது. 2023-இல் டெக்ஸாஸின் ஒரு சிற்றூரில் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளரே அப்படி விட்டுப்போன துப்பாக்கியை மூன்றாம் வகுப்புப் பிள்ளை கண்டெடுத்தது. பெட்டகத்தில் வைத்தால் அந்த அபாயம் இல்லை. ஆனால் எடுத்துவர நேரம் ஆகும், அந்த நேரத்தில் அவர் பெட்டகம் இருக்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உடம்பில்தான் என்று முடிவானால், விசைப்பகுதியை முழுதாக மூடுகிற, பிறர் சட்டென்று உருவ முடியாத பூட்டு உள்ள உறை கட்டாயம் என்று கொள்கையில் இருக்க வேண்டும். ஆயுதம் வைத்திருக்கும் ஆசிரியர் மாணவர் சண்டையை விலக்கப் போகக் கூடாது என்பதும் இருக்க வேண்டும். கட்டிப்புரளும் இடத்தில் உறையிலுள்ள துப்பாக்கி யார் கைக்கும் போகும்.

---

பதில் 2: தாழ்ப்பாள்

உயிர் தப்புமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பது தெரியும்.

கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளி, 1999. ஆயுதம் தாங்கிய ஷெரிஃப் அதிகாரி அந்தப் பள்ளிக்கென்றே நியமிக்கப்பட்டிருந்தார். சுமார் 60 கஜ தூரத்திலிருந்து கைத்துப்பாக்கியால் சுட்டார், படவில்லை. வளைத்து நின்று சிறப்புப் படைக்குக் காத்திரு என்பதுதான் அன்றைய பயிற்சி. அன்று 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். முதலில் வருபவர் ஒருவரே ஆனாலும் உள்ளே போக வேண்டும் என்று நாடு முழுக்கப் பயிற்சி மாறியது அதற்குப் பிறகுதான்.

பார்க்லேண்ட், 2018 பிப்ரவரி 14. அதிகாரி வளாகத்திலேயே இருந்தார், கட்டடத்துக்குள் போகவில்லை. நான்கு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது, 17 பேர் போய்விட்டார்கள்.

அதே ஆண்டு மே மாதம் டெக்ஸாஸ் சான்டா ஃபே. அங்கே பள்ளி போலீஸார் பின்வாங்கவில்லை. ஓர் அதிகாரி சுடப்பட்டு சாவின் விளிம்புவரை போய்வந்தார். இருந்தும் 10 உயிர்கள் போயின.

மறுபக்கமும் உண்டு. சான்டா ஃபேக்கு இரண்டு நாள் முன்பு இல்லினாய் டிக்ஸனில் பள்ளி அதிகாரி துப்பாக்கியோடு வந்த இளைஞனை எதிர்கொண்டு சுட்டுக் காயப்படுத்தி மடக்கினார். ஒரு மாணவருக்கும் காயமில்லை. 2024 செப்டம்பர் 4, ஜார்ஜியா அப்பலாச்சி உயர்நிலைப் பள்ளியில் எஸ்ஆர்ஓக்கள் எதிரே வந்து நின்றதும் சுட்டவன் சரணடைந்தான். இரண்டு மாணவர், இரண்டு ஆசிரியர் என நான்கு உயிர்கள் அதற்கு முன்பே போய்விட்டன. அன்று அதிகாரிகளை விரைவாகக் கூப்பிட்டது, ஆசிரியர்கள் கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையில் உள்ள அவசரப் பொத்தான்.

இப்போது டெக்ஸாஸின் உவால்டே ஆரம்பப் பள்ளி. 2022 மே 24. 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். வந்து சேர்ந்த காவலர்கள் 376 பேர், வகுப்பறைக்குள் புகுந்து முடிக்க ஆனது 77 நிமிடம். இந்த இரண்டு எண்ணும் எல்லாருக்கும் தெரியும். வாரியக் கூட்டத்துக்குப் போகிறவர் அதற்கடுத்த அடுக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுட்டவன் உள்ளே நுழைந்தது காலை 11:33 வாக்கில். முதல் காவலர் கட்டடத்துக்குள் வருவதற்கு முன்பே, மூன்று நிமிடத்துக்குள், 100 குண்டுகளுக்கு மேல் சுட்டு முடித்திருந்தான். அவன் நுழைந்த வெளிக்கதவு சாத்தியிருந்தது, ஆனால் பூட்டு விழவில்லை. 111-ஆம் அறையின் பூட்டு சரியாக விழாது என்பது பள்ளிக்கு முன்பே தெரியும். சாவி பற்றாக்குறையால் கதவுகளுக்கு முட்டுக் கொடுத்துத் திறந்தே வைப்பது அங்கே பழக்கமாகியிருந்தது. எச்சரிக்கை கைப்பேசிச் செயலி வழியாகப் போனது. வைஃபை சரியில்லாததால் எல்லா ஆசிரியருக்கும் போய்ச் சேரவில்லை. எல்லை தாண்டி வருவோரின் வண்டிகளைப் போலீஸ் துரத்தும்போதெல்லாம் அடிக்கடி வந்த எச்சரிக்கைகள், இதுவும் அப்படித்தான் என்று நினைக்க வைத்திருந்தன. காவலர்களின் வானொலிக் கருவிகள் கட்டடத்துக்குள் சரியாக வேலை செய்யவில்லை. சாவிக்காக நெடுநேரம் காத்திருந்தார்கள். அந்தக் கதவு பூட்டியே இருந்திருக்காது என்பது விசாரணையில் வந்த முடிவு.

நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது. ஒரு பூட்டு, ஒரு சாவி, ஒரு சிக்னல்.

ஆகவே கேட்க வேண்டியதில் பாதி காவலரைப் பற்றியதே அல்ல:

வெளிக்கதவுகளை வாரந்தோறும் சோதிக்க வேண்டும் என்பது மாநிலக் கல்வி முகமையின் விதி. நம் வளாகத்தில் யார் சோதிக்கிறார்கள், எந்தக் கிழமை, எழுதி வைக்கிறார்களா? பூட்டு பழுது என்று ஆசிரியர் எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் சரியாகிறது? பழுதாக இருக்கும் நாட்களில் அந்த அறை வகுப்புக்குப் பயன்படுமா? பதிலி ஆசிரியருக்கு அன்று காலையே சாவி கையில் கொடுக்கப்படுகிறதா? கதவுக்குக் கல் வைப்பதும் காந்தம் வைப்பதும் அனேகமாகச் சாவி இல்லாத பதிலி ஆசிரியரிடமிருந்துதான் தொடங்கும்.

மாஸ்டர் சாவி உள்ள பெட்டி வெளியே எங்கே இருக்கிறது? அதை எந்தெந்தத் துறை திறக்க முடியும்? ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தச் சாவியை எல்லாக் கதவிலும் போட்டுப் பார்க்கிறார்களா? பூட்டை மாற்றிவிட்டுப் பெட்டியில் பழைய சாவியையே விட்டுவைப்பது சர்வசாதாரணமாக நடக்கும் தவறு.

நகரப் போலீஸ், ஷெரிஃப், பள்ளி மூவரின் ரேடியோவும் கட்டடத்தின் நடுக் கூடத்தில், உடற்பயிற்சிக் கூடத்தில், சமையலறையில் பேசிப் பார்க்கப்பட்டதா? காங்கிரீட்டும் தகரக் கூரையும் சிக்னலை விழுங்கிவிடும். அப்படி விழுங்கும் இடங்களுக்குக் கட்டடத்துக்குள்ளேயே சிக்னலைப் பெருக்கும் கருவி பொருத்த வேண்டும். காசு கொஞ்சம் ஆகும், ஆனால் தெரிந்த தீர்வு.

வகுப்பறைதோறும் சத்தமில்லாத அவசர எச்சரிக்கை வசதி வேண்டும் என்பது 2023-இல் வந்த இன்னொரு டெக்ஸாஸ் சட்டம். அது வைஃபையை மட்டும் நம்பி இருக்கிறதா? வைஃபை நின்றால் என்ன வழி? தற்காலிகக் கொட்டகை வகுப்புகளில் வேலை செய்கிறதா?

காவலரைப் பற்றிக் கேட்பதாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி. முன் அலுவலகத்திலிருந்து வளாகத்தின் கடைசி வகுப்பறைக்கு, இடையிலுள்ள பூட்டிய கதவுகளைத் திறந்துகொண்டு போக எத்தனை வினாடி? கடிகாரம் வைத்து நடந்து பார்த்தார்களா? மேலே சொன்ன சம்பவங்கள் பலவற்றில் உயிரைத் தீர்மானித்தது முதல் மூன்று நான்கு நிமிடம்தான். காவலர் காலையிலிருந்து வாசலில் கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தால் அந்த நிமிடங்கள் ஓட்டத்திலேயே போய்விடும்.

ஒரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் யாராவது நிச்சயம் எடுத்துப் போடுவார்கள். 1980 முதல் 2019 வரை நடந்த 133 பள்ளித் துப்பாக்கிச் சம்பவங்களை ஆராய்ந்து 2021-இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் என்ற மருத்துவ இதழில் வந்தது. மற்ற காரணிகளைச் சரிசெய்து கணக்கிட்டபோது, ஆயுதக் காவலர் இருந்த இடங்களில் இறப்பு விகிதம் 2.83 மடங்கு. காவலரால்தான் சாவு கூடியது என்று இதற்குப் பொருள் கிடையாது. சாகத் துணிந்து வருபவனைத் துப்பாக்கி தடுத்து நிறுத்துவதில்லை, அதிகக் கொடிய ஆயுதத்தோடு வருவது பெரிய காரணி என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்னது. நடந்த சம்பவங்களை மட்டும் எடுத்த ஆய்வு என்பதால், காவலரைக் கண்டு வராமலே போனவர்கள் கணக்கில் இல்லை. இரு தரப்பும் இந்த எண்ணைத் தவறாகவே பயன்படுத்துகிறார்கள்.

---

பதில் 3: கணக்குப்பிள்ளை

பணக்கணக்கு. எச்பி 3 வந்தபோது மாநிலம் வளாகத்துக்கு 15,000 டாலர், மாணவருக்கு 10 டாலர் கொடுத்தது. 500 பிள்ளைகள் உள்ள ஆரம்பப் பள்ளிக்கு ஆண்டுக்கு 20,000. அதில் ஒரு போலீஸ் அதிகாரியின் பாதிச் சம்பளம்கூட வராது. 2025-இல் வந்த எச்பி 2 சட்டம் அதை வளாகத்துக்கு 33,540, மாணவருக்கு 20 என்று உயர்த்தியது. அதே பள்ளிக்கு இப்போது 43,540. இரண்டு மடங்குக்கு மேல்.

வாரியம் "பணம் இல்லை" என்ற தீர்மானத்தை எந்த ஆண்டில் போட்டது என்று பாருங்கள். 2023-இல் போட்டதை அப்படியே புதுப்பிக்கிறார்கள் என்றால், புதிய தொகையை வைத்துக் கணக்கை மறுபடி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 43,540-ம் முழுச் செலவுக்கு வராது. சம்பளம், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வண்டி, கவச உடை, ரேடியோ எல்லாம் சேர்த்து மீதியை யார் கொடுப்பது என்பதுதான் நகரத்தோடு பேச வேண்டியது. கோடை விடுமுறையில் அந்த அதிகாரி நகர வேலைக்குத் திரும்பிவிடுவார். அந்த மாதங்களின் சம்பளம் நகரத்தின் பங்கு என்று வாதாடலாம்.

இன்னொன்று, எல்லாரும் தவறவிடுவது. எட்டு வளாகத்துக்கு எட்டு அதிகாரி போதாது. நீதிமன்ற சாட்சி, பயிற்சி, காய்ச்சல், விடுப்பு. ஆண்டுக்குப் பள்ளி நடக்க வேண்டிய குறைந்தபட்ச நேரம், இடைவேளையும் சேர்த்து, 75,600 நிமிடம், அதாவது 1,260 மணி. அத்தனை மணியும் ஆள் நிற்க வேண்டும் என்றால் மாற்று ஆளுக்கும் பட்ஜெட் வேண்டும். மாற்று ஆள் யார், அவருக்கு இந்தக் கட்டடத்தின் வரைபடம் தெரியுமா என்று கேளுங்கள். மாலை விளையாட்டுப் போட்டிகளும் நிகழ்ச்சிகளும் "வழக்கமான பள்ளி நேரத்தில்" வராது; அதற்குத் தனி ஏற்பாடு.

---

செங்காந்தள்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பூட்டு, சாவி பற்றிப் படித்துவிட்டு நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கேட்க வேண்டியது என்ன என்பது இப்போதுதான் தெளிவாகிறது.

மூன்றாவது கேள்விக்கு யாராவது சொல்லுங்களேன். பையன் வளர்த்தி அதிகம், பார்த்தால் பத்தாம் வகுப்பு மாதிரி இருப்பான். போலீஸ்காரர் தினமும் பக்கத்தில் இருப்பது அவனுக்குப் பாதுகாப்பா, ஆபத்தா?

---

பதில் 4: பொன்னி

அக்கா, நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. டெக்ஸாஸிலேயே இதற்குத் தரவு உண்டு. பள்ளிப் போலீஸுக்குக் கூட்டாட்சி மானியம் கிடைத்த மாவட்டங்களை எமிலி வைஸ்பர்ஸ்ட் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார். நடுநிலைப் பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கை 6 சதவீதம் கூடியது. உயர்நிலைப் பள்ளியை முடிப்போர் 2.5 சதவீதமும் கல்லூரி சேர்வோர் 4 சதவீதமும் குறைந்தார்கள். கூடிய நடவடிக்கைகளில் பெரும்பாலானவை ஆயுதம், போதைப்பொருள் பற்றியவை அல்ல. சிறு நடத்தை மீறல்கள்தான். உங்கள் பையன் இருப்பதும் அந்த வயதில்தான்.

ஆனால் சட்டம் சில வேலிகளைப் போட்டிருக்கிறது. வழக்கமான ஒழுங்கு நடவடிக்கையையும் பள்ளி நிர்வாக வேலையையும் போலீஸ் அதிகாரிக்கு ஒதுக்கக் கூடாது என்பது 2019 முதல் டெக்ஸாஸ் கல்விச் சட்டத்தில் உண்டு. பள்ளி வளாகத்தில் செய்யும் மிகச் சிறிய குற்றங்களுக்கு, போக்குவரத்து மீறல் நீங்கலாக, பிள்ளைகளுக்கு அபராதச் சீட்டு எழுதக் கூடாது என்பது 2013-இலிருந்து. 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளையைக் கட்டுப்படுத்துவது, மிளகுத் தெளிப்பான், மின்அதிர்ச்சிக் கருவி ஆகியவற்றைப் பயன்படுத்துவது, பெரும் ஆபத்து இருந்தாலொழியக் கூடாது என்பது 2023-இல் வந்தது. உங்கள் சின்னவளுக்கு அது பொருந்தும்.

வேலி சட்டத்தில் இருந்தால் போதாது. நகரத்தோடு போடும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் அது எழுதப்பட வேண்டும். "அதிகாரி ஒழுங்கு நடவடிக்கையில் ஈடுபட மாட்டார்" என்ற ஒற்றை வரி போதாது. எந்தெந்தச் சம்பவத்துக்கு ஆசிரியர் அதிகாரியைக் கூப்பிடலாம், எதற்குக் கூப்பிடக் கூடாது என்று பட்டியலே வேண்டும். ஆயுதம், போதை விற்பனை, பலத்த காயம் ஒரு பக்கம். பேச்சு, தாமதம், கைப்பேசி, காயமில்லாத தள்ளுமுள்ளு, வகுப்பை விட்டு வெளியே போனது மறுபக்கம். சிறப்புக் கல்வித் திட்டத்தில் இருக்கும் பிள்ளையைக் கையாளும் முன் அந்தப் பிள்ளையின் நடத்தைத் திட்டம் தெரிந்த ஆசிரியரைக் கூப்பிட வேண்டும் என்ற வரியும் இருக்கட்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளை கத்துவதை மிரட்டல் என்று அதிகாரி எடுத்துக்கொள்ளும் இடம் அது.

அதிகாரியைத் தேர்ந்தெடுப்பதில் பள்ளி முதல்வருக்குப் பங்கு இருக்கிறதா, பொருந்தாதவரை மாற்றச் சொல்ல உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தில், தெருவில் வேலை செய்து களைத்தவரையும் பிள்ளைகளோடு பழகப் பிடிக்காதவரையும் துறை பள்ளிக்கு அனுப்பிவிடும். பள்ளிப் போலீஸுக்கு மூன்று வேலை என்று அவர்களின் தேசிய சங்கமே சொல்கிறது: சட்டக் காவல், ஆலோசனை, கற்பித்தல். பின்னிரண்டும் விருப்பத்தோடு வந்த ஆளுக்குத்தான் வரும். அப்படி ஒருவர் அமைந்துவிட்டால் அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை, காரணம் கீழே.

அமெரிக்க இரகசிய சேவைத் துறையின் ஆய்வு மையம், 2006 முதல் 2018 வரை திட்டமிடப்பட்டு, நடக்கும் முன்பே தடுக்கப்பட்ட 67 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்தது. அவற்றில் பெரும்பாலானவை வெளியே தெரிய வந்தது, திட்டமிட்டவரின் பேச்சையோ பதிவையோ பார்த்த இன்னொருவர், பெரும்பாலும் சக மாணவர், போய்ச் சொன்னதால். பிள்ளை ஒரு பெரியவரை நம்பி வாய் திறந்தால்தான் இது நடக்கும். சின்னத் தவறுக்கெல்லாம் விலங்கு மாட்டும் அதிகாரியிடம் எந்தப் பிள்ளையும் போய்ச் சொல்லாது.

வீட்டில் பையனிடம் இரண்டு விஷயம் பேசுங்கள்.

ஒன்று, மிரட்டல் நகைச்சுவை. "நாளைக்கு ஸ்கூலைச் சுட்டுடுவேன்" என்று விளையாட்டு அரட்டையிலோ ஸ்னாப்சாட்டிலோ எழுதினால், டெக்ஸாஸில் அது மிரட்டல் குற்றம்; பள்ளியைப் பற்றியதானால் பெருங்குற்றமாகவே பதியலாம். சிறு குற்றங்களுக்கான பாதுகாப்பு இதற்கு இல்லை. சினிமா வசனத்தை மொழிபெயர்த்து எழுதிவிட்டு "தமாஷுக்கு" என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். அடுத்தவன் எழுதியதைப் பகிர்வதும் வேண்டாம், பெரியவரிடம் காட்டட்டும்.

இரண்டு, விசாரணை. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜே.டி.பி. வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. வட கரோலினாவில் 13 வயது ஏழாம் வகுப்பு மாணவரைப் பள்ளி அறையில் வைத்துப் போலீஸ் விசாரித்த வழக்கு. எழுந்து போகலாம் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்குமா என்பதைப் பார்க்கும்போது வயதையும் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆனால் விசாரிக்கும் முன் பெற்றோரைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. ஆகவே பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள்: மரியாதையாகப் பேசு, ஓடாதே, பொய் சொல்லாதே, "என் அம்மாவும் வக்கீலும் வந்த பிறகு பேசுகிறேன்" என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு அமைதியாக இரு. காவலில் எடுத்த சிறுவரின் எழுத்து வாக்குமூலம் மாஜிஸ்திரேட் முன்னிலையில் கையெழுத்தானால்தான் செல்லுபடியாகும் என்று டெக்ஸாஸ் குடும்பச் சட்டம் சொல்கிறது. காவலில் எடுத்தால் பெற்றோருக்கு உடனே தெரிவிக்கவும் வேண்டும். ஒப்பந்தத்தில் "உடனடி ஆபத்து இல்லாத நேரத்தில் விசாரணைக்கு முன்பே பெற்றோருக்குத் தகவல்" என்று சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். வாரியம் நினைத்தால் செய்யலாம்.

---

பதில் 5: தாழ்ப்பாள்

பொன்னி சொன்னதோடு ஒன்று. அதே இரகசிய சேவை மையத்தின் 2019 அறிக்கை, 2008 முதல் 2017 வரை நடந்த 41 தாக்குதல்களைப் பார்த்தது. துப்பாக்கியால் தாக்கியவர்களில் நாலில் மூன்று பேர் ஆயுதத்தை எடுத்தது பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து. பிள்ளைகள் விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி உண்டா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்பதற்கு நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கேளுங்கள். இந்த ஊரில் அது நாய் இருக்கிறதா என்று கேட்பது மாதிரிதான், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கார்டியன் முறையே தொடரும் என்று முடிவானால், வெளியிலிருந்து வரும் போலீஸுக்கு அவர்களை எப்படி அடையாளம் தெரியும் என்று கட்டாயம் கேளுங்கள். சாதாரண உடையில் துப்பாக்கியோடு நிற்பவரை, ஓடி வரும் அதிகாரி சுட்டுவிடக்கூடும். பளிச்சென்ற நிறத்தில் குறுக்குப் பட்டை, நகரப் போலீஸோடு ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட்டுப் பயிற்சி, போலீஸ் வந்ததும் ஆயுதத்தைக் கீழே வைத்துக் கையைக் காட்டும் ஒத்திகை. பெயர்களைச் சொல்ல மாட்டார்கள். ஏற்பாடு உண்டா என்று மட்டும் சொல்லலாம்.

---

பதில் 6: வைகைக்கரை

மூன்று நிமிடத்தில் இத்தனையும் கேட்க முடியாது. மற்ற பெற்றோரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்: ஒருவர் பயிற்சி மணிக்கணக்கு, ஒருவர் கதவும் ரேடியோவும், ஒருவர் ஒப்பந்த வரிகள், ஒருவர் பணம். நீங்கள் பையனுக்காகப் பேசுவதாக இருந்தால் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் எழுதிய வரிகளோடு போங்கள். பொதுப் பேச்சு நேரத்தில் வாரியத்தினர் விவாதித்துப் பதில் சொல்வதில்லை. எழுத்தில் ஒரு படி கொடுத்தால் கோப்பில் நிற்கும்.

கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே, டெக்ஸாஸ் பொதுத் தகவல் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கேட்க வேண்டியவை: விலக்குத் தீர்மானத்தின் நகல், கார்டியன் கொள்கை, நகரத்தோடு உள்ள ஒப்பந்தமோ வரைவோ, பாதுகாப்பு நிதியாக மாநிலம் தந்த தொகையும் அது செலவான தலைப்புகளும். வேலை நாள் கணக்கில் 10 நாளுக்குள் தர வேண்டும், அல்லது எந்தத் தேதியில் தருவார்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும், அல்லது மறைத்து வைக்கலாமா என்று அட்டர்னி ஜெனரலிடம் கருத்துக் கேட்க வேண்டும். கார்டியன்களின் பெயர், மூன்றாண்டுப் பாதுகாப்புத் தணிக்கையின் விவரம், கேமரா இருக்கும் இடங்கள் இவற்றைக் கேட்காதீர்கள். அவை ரகசியம், கேட்டால் மொத்தக் கோரிக்கையும் தாமதமாகும். தணிக்கை எந்தத் தேதியில் முடிந்தது என்று மட்டும் கேட்டால் போதும்.